பச்சைப் புள்ளி – கடிதம்

வணக்கம் ஐயா,

சிங்கப்பூரில், பொங்கோலில் வசிக்கிறேன். நிதி நிறுவனம் ஒன்றில் மென்பொருள் தேவைகளை ஆராய்ந்து எழுதித் தரும் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்கிறேன். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் கணினிகளில் ஒரு கண்காணிப்பு மென்பொருளை நிறுவினார்கள். ஐந்து நிமிடம் எதையும் தொடாவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். யார் எவ்வளவு நேரம் மஞ்சளில் இருந்தார் என்ற பட்டியல் வாரந்தோறும் மேலாளருக்குப் போகிறது. எனக்கோ நீண்ட ஆவணங்களை அச்சிட்டு, பென்சிலும் கையுமாக வாசித்தால்தான் மனத்தில் ஏறும். அதனால் இருபது வெள்ளிக்கு, மௌஸைத் தானாக அசைக்கும் ஒரு சுழலும் தட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வேலையில் நான் குறை வைத்ததே இல்லை. போன மாதக் கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் மேலாளர், “மற்ற எல்லாரும் பச்சையில் இருக்கும்போது உங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை மஞ்சள்?” என்று கேட்டார். அன்றிலிருந்து மனம் சற்றுச் சரியில்லை. நான் செய்வது பொய்யா? தட்டைவிட மென்பொருள் பாதுகாப்பானதா? வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கிறேன்; மனைவியும் மகனும் என்னோடு இருக்கிறார்கள். பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெயரையும், உங்களை அடையாளம் காட்டிவிடக்கூடிய இரண்டு வரிகளையும் நீக்கியிருக்கிறேன். கடிதங்களுக்கு உடனே பதில் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்த வாரத்தில், வீடு மாறுவதற்காக அப்பாவின் தகரப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அதில் கிடைத்த ஒரு வட்டக் காகிதம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. உங்கள் கடிதத்தையும் அந்தக் காகிதத்தையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கருவியைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். எது பாதுகாப்பானது என்று நான் சொல்லப்போவதில்லை. யூஎஸ்பி துளையில் செருகும் கருவி தன்னை ஒரு மௌஸ் என்று கணினியிடம் பதிந்துகொள்கிறது. அந்தப் பதிவை நிறுவனம் எடுத்துப் பார்க்கலாம். மென்பொருளாக நிறுவினால், இயங்கும் நிரல்களின் பட்டியலில் அதன் பெயர் நிற்கும். உங்கள் தட்டு கணினியோடு இணையாததால் சுவடே இல்லை என்று நினைத்திருக்கிறீர்கள். ஒரு விசையும் தட்டப்படாமல், ஒரு கோப்பும் திறக்கப்படாமல், மூன்று மணி நேரம் மௌஸ் மட்டும் ஒரே சீராக நகர்ந்துகொண்டிருந்தால், அதைவிடப் பெரிய சுவடு வேறென்ன வேண்டும்? 2024-இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை இயங்குவதுபோல் போலியாகக் காட்டினார்கள் என்ற காரணத்தால் பன்னிரண்டு பேருக்கும் மேற்பட்ட ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியது. உங்களுக்கு அப்படி ஒன்று நேர்ந்து பாஸ் ரத்தானால், வழக்கமாகக் கிடைக்கும் 30 நாள் அவகாசத்துக்குள் வீட்டைக் காலிசெய்து, மகனின் படிப்பை நிறுத்தி ஊர் திரும்பவேண்டி வரும். இருபது வெள்ளித் தட்டின்மேல் ஒரு குடும்பத்தையே உட்கார வைத்திருக்கிறீர்கள். வீட்டில் இதைச் சொல்லியிருக்கிறீர்களா?

பொய்யா என்று கேட்டீர்கள். பொய்தான். ஆனால் அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. கடைசியாக விசை தட்டப்பட்டோ மௌஸ் அசைந்தோ எத்தனை நிமிடம் ஆயிற்று என்பது மட்டுமே அந்த மென்பொருளுக்குத் தெரியும். பென்சிலோடு தாளில் கண் பதித்து உட்கார்ந்திருக்கும் மனிதரை அது ‘இல்லை’ என்று எழுதுகிறது. முதல் பொய்யை எழுதியது அதுதான்.

எனக்குக் கோபம் வந்தது அந்தப் பெண்ணைப் பற்றிய வரிகளில். அவரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதிவிட்டு, மனம் சற்றுச் சரியில்லை என்று ஒரு சொல்லும் சேர்த்துவிட்டு, அடுத்த வரியிலேயே பாதுகாப்பான கருவி எது என்று கேட்கப் போய்விட்டீர்கள்.

எழுபதுகளில் என் அப்பா கெப்பல் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் இரவு ஜாகாவாக, அதாவது காவலாளியாக, இருந்தார். தோல் உறைபோட்ட கனமான ஒரு கடிகாரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் சுற்றி வரவேண்டும். கிடங்கின் ஒன்பது மூலைகளில், தூண்களில் அறைந்த சிறு இரும்புப் பெட்டிகளில், சங்கிலியில் கட்டிய சாவிகள் தொங்கும். ஒவ்வொரு மணி நேரமும் ஒன்பது இடங்களுக்கும் போய், அந்தந்தச் சாவியைக் கடிகாரத்தில் செருகித் திருப்பினால், உள்ளே சுழலும் வட்டக் காகிதத்தில் அந்தச் சாவியின் எண் அழுந்திப் பதியும். கடிகாரத்தைத் திறக்கும் சாவி மேற்பார்வையாளரிடம் இருக்கும். காலையில் அவர் காகிதத்தை எடுத்துப் பார்ப்பார்.

அப்பாவோடு முறை மாற்றிக்கொண்ட இன்னொரு ஜாகா, ஒன்பது பெட்டிகளின் ஆணிகளையும் நெம்பித் தளர்த்தி வைத்திருந்தார். இரவு பத்து மணிக்கு எல்லாச் சாவிகளையும் சங்கிலியோடு கழற்றி வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். மணிக்கொரு முறை ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்புவார். விடிவதற்குள் பழையபடி மாட்டிவிடுவார். கெட்ட மனிதர் அல்லர் என்று அப்பா சொல்வார். பகலிலும் வேறொரு வேலை பார்த்தார், வீட்டில் ஐந்து பிள்ளைகள், கால் வலி. அவருடைய காகிதங்களில் ஒரு பதிவுகூடத் தவறியதில்லை.

ஓர் இரவு நான்காவது சாவிக்கும் ஐந்தாவது சாவிக்கும் நடுவில் அப்பாவுக்குச் சூடான எண்ணெய் வாடை அடித்தது. சரியாகக் காயாத கொப்பரையை மூட்டையாக அடுக்கி வைத்தால் அது தானாகவே சூடேறும்; கவனிக்காவிட்டால் தீப்பிடிக்கும். அப்பா மூட்டைகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தார். வெளியே படுத்திருந்த இருவரை எழுப்பி, மூன்று பேருமாகச் சூடேறிய மூட்டைகளை இழுத்து வெளியில் பரப்பி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. காலையில் மேற்பார்வையாளர் காகிதத்தில் அந்த இடைவெளியைக் காட்டி, “மற்றவருக்கு இப்படி ஒருநாளும் வந்ததில்லையே” என்று கேட்டிருக்கிறார். ஒருநாள் சம்பளம் பிடித்தார்கள். பிடித்தம் எழுதிய சீட்டோடு சேர்த்துக் குத்தித் தந்த வட்டக் காகிதம்தான் இப்போது என் மேசையில் இருக்கிறது. இரண்டரைக்கும் மூன்றே முக்காலுக்கும் நடுவே அது வெறுமையாக இருக்கிறது. சாவியின் எண் அழுந்திய மற்ற இடங்களை விரலால் தடவினால் இன்றும் தட்டுப்படுகிறது.

நண்பரே, மேற்பார்வையாளர் கேட்டதையும் உங்கள் மேலாளர் கேட்டதையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அந்த இன்னொரு ஜாகா முதலாளியை ஏமாற்றினார் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். முதலாளிக்கு அவரால் என்ன இழப்பு வந்தது என்று எனக்குத் தெரியாது. என் அப்பாவுக்கு வந்த இழப்பு தெரியும். அந்த ஜாகாவின் நிறைந்த வட்டங்கள் பக்கத்தில் இருந்ததால்தான் அப்பாவின் இடைவெளி குற்றமாயிற்று. இருவர் காகிதத்திலும் அவ்வப்போது இடைவெளிகள் இருந்திருந்தால், ஒரு மனிதன் ஒன்பது மூலைகளையும் உண்மையிலேயே பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் சுற்றி வர முடியாது என்று அந்த மேற்பார்வையாளருக்கே புரிந்திருக்கும். கண்காணிக்கும் கருவி எதுவும் ஒருவரைத் தனியாக அளப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரை வைத்துத்தான் அளக்கிறது. உங்கள் குழுவில் எட்டுப் பேர் இருந்து, அதில் நான்கு பேர் தட்டு வைத்திருந்தால், நாள் முழுவதும் பச்சையில் இருப்பதே இயல்பு என்று ஆகிவிடும். ஆவணத்தை வாசித்துக்கொண்டு, யோசித்துக்கொண்டு, வீவக அடுக்குமாடி நடைவழியில் பத்து நிமிடம் நடந்துகொண்டு, நேர்மையாக மஞ்சளாகும் ஒருவர் அந்த இயல்பிலிருந்து வழுவியவர் ஆகிவிடுவார். அந்தப் பெண்ணிடம் கேட்ட கேள்வியில் ‘மற்ற எல்லாரும்’ என்ற சொல் இருந்ததே, அதில் நீங்கள் இருந்தீர்கள். உங்களுக்கு அது தெரியும் என்பதால்தான் மனம் சரியில்லை.

அந்தச் சம்பளப் பிடித்தத்துக்குப் பிறகு அப்பா கிடங்கில் எங்கும் நிற்கவில்லை. சாவியிலிருந்து சாவிக்கு நடந்தார். வாடை அடித்தாலும் நடந்தார். இதை என்னிடம் சொன்னபோது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது; தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். அந்தப் பெண்ணும் இனி ஆவணங்களை மெதுவாக வாசிக்கப்போவதில்லை. அல்லது உங்களைப்போல் ஒரு தட்டு வாங்குவார்.

உங்கள் நிறுவனத்துக்குச் சட்டம் அத்தனை உரிமையையும் கொடுத்துவிடவில்லை. நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலை உறவை நிர்வகிப்பதற்காக ஊழியரின் தகவலைச் சம்மதம் கேட்காமல் திரட்டலாம் என்றாலும், எதற்காகத் திரட்டுகிறோம் என்று ஊழியரிடம் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்புக்கு ஒரு பொறுப்பாளரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியையும் தெரிவிக்க வேண்டும். அவருக்கு எழுதிக் கேளுங்கள்: என்ன பதிகிறீர்கள், யார் பார்க்கிறார்கள், மதிப்பீட்டில் இது சேருமா? பணிவாகக் கேட்டால் போதும். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்ளாதீர்கள். 2020 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஊழியர்களின் கணினிப் பயன்பாட்டைப் பெயரோடு மேலாளருக்குக் காட்டும் ஒரு வசதியால் கடும் கண்டனத்துக்கு ஆளானது. மக்கள் பேசியதால், அடுத்த மாதமே அதிலிருந்து பெயர்களை நீக்குவதாக அறிவித்தது.

தட்டை இன்றே நிறுத்துங்கள். பத்து மணி முதல் பதினொன்றரை வரை ‘ஆவண வாசிப்பு, தாளில்’ என்று நாட்காட்டியில் எல்லாருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள். மஞ்சள் விழட்டும். எத்தனை ஆண்டுகளாக அங்கே வேலை செய்கிறீர்கள் என்று எழுதவில்லை; கடிதத்தைப் பார்த்தால் மூத்தவர் என்று தெரிகிறது. உங்கள் மஞ்சளைப் பற்றி மேலாளர் கேட்டால், அச்சிட்ட தாள்களை எடுத்துக் காட்டி, நீங்கள் எழுதித் தந்த வேலை எங்கிருந்து வந்தது என்று விளக்க உங்களால் முடியும். வந்து சில மாதமே ஆன அந்தப் பெண்ணால் முடியாது.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அவரை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். தட்டைப் பற்றியும் சொல்லுங்கள், கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.