ஏலத்தோட்ட ஜீப்புக்கு மடக்கு மண்வெட்டி போதுமா?

அண்ணே, போடிமெட்டு ஏறி பூப்பாறைப் பக்கம் தோட்டத்துக்குப் போகும்போது ஜீப் சேற்றில் புதைகிறது, மம்பட்டி வைக்க இடமில்லை, மிலிட்டரி மடக்கு மண்வெட்டி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாங்குங்கள்.

தகட்டை 90 டிகிரிக்கு மடக்கி, கழுத்து வளையத்தை இறுக்கினால் சின்னக் களைக்கொத்து மாதிரி ஆகிவிடும். அமெரிக்க ராணுவத்தின் 1943 மாடலிலேயே இந்தப் பூட்டு உண்டு. மழையில் வண்டியின் வயிறு மண்ணில் உட்கார்ந்துவிட்டால் நீளக் காம்பு உள்ளே போகாது, இது போகும். இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் அண்டக்கொடுத்துவிட்டு, பக்கவாட்டில் இருந்தபடி ஆக்சிலுக்கு அடியில் உள்ள சேற்றை உங்கள் பக்கமாக இழுங்கள். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கடியில் மட்டும் தலையைக் கொடுக்காதீர்கள். அப்புறம் டயருக்கு முன்னால் சரிவாக வெட்டி, கல்லும் கிளையும் போட்டு மெதுவாக எடுங்கள்.

ஓரத்து ரம்பப்பல்லை நம்பி அரிவாளை வீட்டில் வைத்துவிடாதீர்கள். வேரை அறுக்கும், விழுந்த மரக்கிளையில் திணறும். ஜாக்கிக்கு அடியிலும் இந்தத் தகட்டை வைக்க வேண்டாம், வழுக்கும். பலகைத்துண்டு போதும்.

காம்புக்குள் காம்பஸ், தீப்பொறிக் குச்சி எல்லாம் அடைத்து விற்பதை நான் வாங்கமாட்டேன். அத்தனை திருகு மூட்டும் பாறையில் நாலு அடி விழுந்தால் ஆடத் தொடங்கிவிடும். கடையில் விரித்து, பூட்டி, தரையில் ஊன்றி அழுத்திப் பாருங்கள். கழுத்தில் ஆட்டம் தெரிந்தால் அடுத்ததை எடுங்கள்.