ஒரே எம்.ஆர்.ஐ.க்கு ஓரிடத்தில் 5,500, இன்னோரிடத்தில் 11,000: ஏன் இந்த வேறுபாடு?

தம் தாயாருக்கு இடுப்புப் பகுதி முதுகுத்தண்டின் எம்.ஆர்.ஐ. எடுக்க மருத்துவர் சொல்லியிருப்பதாகவும், ஒரே ஊரில் ஒரு மையம் 5,500 ரூபாயும் இன்னொரு மையம் 11,000 ரூபாயும் கேட்பதாகவும், மலிவான இடத்துக்குப் போனால் படம் சரியாக வராதோ என்று தயங்குவதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நான் மருத்துவன் அல்லன். என் தந்தைக்கு இதே ஸ்கேன் எடுக்க மதுரையில் நான்கைந்து இடங்கள் ஏறி இறங்கியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கையிலுள்ள மருத்துவர் சீட்டை எடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள். என் தந்தையின் சீட்டில் 'எம்.ஆர்.ஐ. எல்.எஸ். ஸ்பைன்' என்று மட்டுமே இருந்தது. அதாவது இடுப்பும், அதற்குக் கீழுள்ள திரிக எலும்பும் சேர்ந்த முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி. தொலைபேசியில் 7,000 ரூபாய் என்று சொன்ன மையம், நேரில் போய் நின்றதும் 10,400 ரூபாய்க்குப் பில் போட்டது. முழு முதுகுத்தண்டையும் மேலோட்டமாகப் பார்க்கும் 'ஹோல் ஸ்பைன் ஸ்கிரீனிங்' என்று 1,400 ரூபாயும், படத்தில் சில பகுதிகளை எடுப்பாகக் காட்டப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி மருந்துக்கு 2,000 ரூபாயும் சேர்ந்திருந்தன. இரண்டும் சீட்டில் இல்லையே என்று கேட்டபோது, "எல்லாருக்கும் இப்படித்தான் சார் எடுக்கிறோம்" என்ற பதில் வந்தது. வாசலுக்கு வந்து எங்கள் மருத்துவரை அழைத்துக் கேட்டேன். நோய்த்தொற்றோ கட்டியோ இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ, அதே இடத்தில் முன்பு அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ கான்ட்ராஸ்ட் பயன்படும் என்றும், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) நரம்பை அழுத்துகிறதா என்று பார்ப்பதற்கு அது வேண்டியதில்லை என்றும் அவர் சொன்னார். அந்த ஊசியில் கடோலினியம் என்னும் உலோகம் இருப்பதால், வயதானவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை முன்னதாக ரத்தத்தில் பார்ப்பது வழக்கம். அந்த ரத்தப் பரிசோதனைக்கும் தனியாகக் காசு. மறுநாள் வேறொரு மையத்தில், ஃபிலிமும் ரிப்போர்ட்டும் உட்பட 5,800 ரூபாயில் வேலை முடிந்தது.

ஆகவே விலை கேட்கும்போது "எம்.ஆர்.ஐ. எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். சீட்டிலுள்ள பெயரை அப்படியே படித்துக்காட்டி, ஃபிலிம், ரிப்போர்ட், படங்கள் பதிவான குறுந்தகடு எல்லாம் சேர்த்து நான் கட்டப்போகும் மொத்தத் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். ஸ்கேன் போன்ற நோயறி சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு என்பதால், வரி என்ற பெயரில் பில்லில் எதுவும் ஏறக்கூடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, விலை ஏன் இவ்வளவு மாறுகிறது என்பதற்கு வருகிறேன். காந்தத்தைக் கொண்டு படமெடுக்கும் இந்த எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் விலை கோடிக்கணக்கில் இருக்கிறது. அதன் காந்தச் சுருளைத் திரவ ஹீலியத்தில் குளிரவைத்து, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவும் பகலும் அதே நிலையில் வைத்திருக்க வேண்டும். காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உரிமையாளருக்கு நட்டம் என்பதால்தான் சில மையங்கள் இரவு நேரத்துக்கும் முன்பதிவுக்கும் சலுகை தருகின்றன. கேட்டால் குறைக்கவும் செய்கின்றன. கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

இன்னொரு காரணத்தை யாரும் பில்லில் அச்சிடுவதில்லை. நோயாளியை அனுப்பியதற்காக மருத்துவர் கமிஷன் வாங்குவதை இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தடை செய்திருக்கின்றன. ஆனாலும் 2017இல் பெங்களூரில் சில பரிசோதனை மையங்களிலும் மருத்துவமனைகளிலும் சோதனை நடத்திய வருமான வரித்துறை, எம்.ஆர்.ஐ.க்கு 35 விழுக்காடும் சி.டி. ஸ்கேனுக்கு 20 விழுக்காடும் பொதுவாகக் கமிஷனாகப் போயிருப்பதாக அறிவித்தது. எல்லா மருத்துவரும் அப்படியல்லர் என்பதை நான் அறிவேன். எங்கள் மருத்துவர் எந்த மையத்தின் பெயரையும் சொல்லவில்லை. ஆயினும் ஒரு குறிப்பிட்ட மையத்தின் பெயர் அச்சிட்ட சீட்டு கையில் தரப்பட்டால், வேறிடத்தில் எடுத்துவரலாமா என்று அங்கேயே பணிவாகக் கேட்டுவிடுவது நல்லது.

தரத்தைப் பற்றிய உங்கள் அச்சம் பாதி சரி, பாதி தவறு. காந்தத்தின் வலிமையை டெஸ்லா என்ற அலகில் சொல்வார்கள். இடுப்பு முதுகுத்தண்டுக்கு 1.5 டெஸ்லா இயந்திரம் போதும். 3 டெஸ்லா என்று விளம்பரம் செய்து கூடுதலாகக் கேட்பவர்களிடம் அந்தக் கூடுதல் உங்களுக்கு அவசியமா என்று பாருங்கள். வலிப்பு நோய்க்காக மூளையை ஆராய்வது, புராஸ்டேட் சுரப்பியைப் பார்ப்பது போன்ற நுணுக்கமான வேலைகளில்தான் அதன் பயன் நன்றாகத் தெரியும். மாறாக, மிகவும் மலிவாக எடுக்கும் சில இடங்களில் 0.2 முதல் 0.4 டெஸ்லா வரையிலான பழைய திறந்தவகை இயந்திரங்கள் இருக்கும். படம் தெளிவில்லை என்று மருத்துவர் திருப்பி அனுப்பினால் இரண்டு தடவை செலவு. 5,500 ரூபாய் கேட்ட மையத்தில் 1.5 டெஸ்லா இயந்திரமும், படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதக் கதிரியக்க மருத்துவர் ஒருவரும் இருந்தால், நான் அங்கேதான் போவேன்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதைவிடக் குறைந்த வழியும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில், சாதாரண சி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்ற அளவில்தான் கட்டணம் இருந்துவருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையும் இருந்தால், அந்தத் திட்டத்தில் சில நோயறி பரிசோதனைகளும் அடங்கும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். வரிசை நீளமாக இருக்கலாம். அவசரமில்லாத ஸ்கேனுக்குக் காத்திருப்பதில் தவறில்லை.

தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடுகிறார்கள். ஸ்கேன் எடுப்பதற்காக மட்டும் ஒருநாள் படுக்கையில் சேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. பரிசோதனைக்காக மட்டும் சேர்வது பாலிசிகளில் பொதுவாகவே விலக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதே நோய்க்காகப் பின்னர் மருத்துவமனையில் சேர நேர்ந்தால், சேர்வதற்கு முந்தைய நாட்களின் ஸ்கேன் செலவைக் கேட்டுப் பெறலாம். பல நிறுவனங்களும் ஒரே விதிகளோடு விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி என்ற பாலிசியில் இந்தக் கால அளவு 30 நாள். எனவே பில்லையும் மருத்துவர் சீட்டையும் தூக்கி எறியாதீர்கள்.

இத்தனையும் ஸ்கேன் கட்டாயம் வேண்டும் என்ற நிலையில்தான். இடுப்பு வலி தொடங்கி ஆறு வாரம்கூட ஆகாமல், காலில் பலவீனம், சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் தடை, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, விழுந்து அடிபட்டது, முன்பு புற்றுநோய் வந்தது ஆகிய எதுவும் இல்லையென்றால், உடனே படம் எடுக்கத் தேவையில்லை என்றே மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இவற்றில் ஏதேனும் இருந்தாலோ விலை விசாரித்துக்கொண்டு ஒருநாள்கூட வீணாக்காதீர்கள். வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை எடுத்துப் பார்த்தாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு வட்டுத் தேய்மானம் தெரியும். ஆகையால் "இந்தப் படத்தின் முடிவைப் பொறுத்து அம்மாவின் சிகிச்சை மாறுமா, டாக்டர்?" என்று கேளுங்கள். என் தந்தைக்குக் கால் மரத்துப்போனதால்தான் எடுத்தோம்.

எடுத்த பிறகு ஃபிலிமோடு நின்றுவிடாமல், முழுப் படங்களும் பதிவான குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதம் கழித்து நாங்கள் இரண்டாவது கருத்துக்காகப் போன அறுவை சிகிச்சை நிபுணர், அங்கேயே புதிதாக ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவரச் சொன்னார், குறுந்தகட்டைக் கொடுத்ததும் கணினியில் போட்டுப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, இதுவே போதும் என்று சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.