அமெரிக்க அரசுக் கடன்: இரு கட்சிகளும் சேர்ந்தால் குறையுமா? கேள்வி பதில்

கேட்பதற்கு முன் ஒன்று: பற்றாக்குறை வேறு, கடன் வேறு. ஒரு வருடத்தில் வரவை மீறிய செலவு பற்றாக்குறை. அது வருடாவருடம் சேர்ந்து நிற்பதுதான் கடன். 2025 அக்டோபரில் 38 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது.

மாலதி: இரு கட்சிகளும் சேர்ந்து எதையாவது சரி செய்திருக்கிறார்களா?

1983-ல் செய்தார்கள். முதியோர் ஓய்வூதிய நிதி தீர்ந்துபோகச் சில மாதங்களே இருந்தன. அதிபர் ரீகன் குடியரசுக் கட்சி, சபாநாயகர் டிப் ஓ'நீல் ஜனநாயகக் கட்சி. வரியும் ஏறியது, ஓய்வு வயதும் 65-லிருந்து 67-க்குப் படிப்படியாக நகர்ந்தது. இரண்டு பக்கமும் ஒரே சட்டத்தில் அடி வாங்கியதால், தேர்தலில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல வழியில்லாமல் போனது.

செந்தில்: சீனா கடனைத் திருப்பிக் கேட்டால்?

அரசு கடன் வாங்குவது பத்திரம் விற்றுத்தான். பத்திரத்தின் தவணை முடியும் முன் அரசிடம் பணம் கேட்க முடியாது, பத்திரத்தைச் சந்தையில் விற்கலாம். வெளிநாடுகளில் அதிகம் வைத்திருப்பது ஜப்பான். பெரும்பகுதி அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கிறது.

ராஜா: 2010-ல் கடனைக் குறைக்க வழி சொல்ல ஒபாமா அமைத்த சிம்ப்சன் - போல்ஸ் குழுவைக் கெடுத்தது குடியரசுக் கட்சியின் பால் ரையன்தானே?
கவிதா: இல்லை, ஒபாமா கைவிட்டதுதான் காரணம்.

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். 18 பேர் குழு, 14 வாக்கு வேண்டும், கிடைத்தது 11. எதிர்த்த 7 பேரில் ரையனும் உண்டு, ஜனநாயகக் கட்சியின் ஷகோவ்ஸ்கியும் உண்டு. ஆதரித்தவர்களைப் பாருங்கள், தீவிர வலதுசாரி கோபர்னும் தாராளவாதி டர்பினும் ஒரே பக்கம். ஒபாமா முழு மனதோடு தூக்கிப் பிடிக்கவில்லை, அதுவும் உண்மை.

ராஜா: ரையன் ஆதரித்திருந்தால் கதையே வேறு.

அவர் ஒருவர் வந்தாலும் 12தான் ராஜா. 1983-ல் கழுத்தை நெரித்த கெடு 2010-ல் இல்லை, எனக்கு அதுதான் முக்கியக் காரணமாகத் தெரிகிறது.

பாபு: அரசு வாங்கக்கூடிய கடனுக்குச் சட்டம் வைத்த எல்லையான கடன் உச்சவரம்பை ஏற்றாவிட்டால் கடன் குறையுமே?

குறையாது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுக்குப் பணம் கட்டத்தான் அந்த வரம்பை உயர்த்துகிறார்கள். 2011-ல் அதை வைத்து இழுபறி செய்ததில் நாட்டின் கடன் தரமதிப்பீடு இறங்கியதுதான் மிச்சம்.

அருண்: சீனா விற்றுவிட்டால்?

செந்திலுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

லதா: அமெரிக்கப் பத்திரத்தில் பணம் போடலாமா?

முதலீட்டு ஆலோசகரைக் கேளுங்கள்.

மாலதி: இனி எப்போது சேருவார்கள்?

ஓய்வூதிய நிதியின் கையிருப்பு 2033 வாக்கில் தீரும் என்று அதன் அறங்காவலர்களே கணித்திருக்கிறார்கள். ஒன்றும் செய்யாவிட்டால் அன்றைக்கு ஓய்வூதியத்தில் ஏறக்குறைய கால் பங்கு தானாகவே வெட்டப்படும். எந்தக் கட்சியாலும் தாங்க முடியாத வெட்டு அது, அதனால் அதற்கு முன் மேசைக்கு வந்துதான் ஆகவேண்டும். தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் ஏற்ற வேண்டிய வரியும் குறைக்க வேண்டிய தொகையும் கூடிக்கொண்டே போகிறது என்பதுதான் என் கவலை.