கேளுங்கள், சொல்கிறோம்: வழக்கே இல்லாமல் போன தலை

கேள்வி: இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி தம் முதன்மை ஆலோசகர் தாமஸ் குரோம்வெல்லுக்கு 1540 ஏப்ரலில் எசெக்ஸ் பிரபு பட்டம் தந்தார், ஜூலையில் தலையை வாங்கினார். விசாரணையே நடக்கவில்லையாமே, எப்படி?
- வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: நீதிமன்றப் படியே ஏறாத வழி ஒன்று இருந்தது. அதன் பெயர் அட்டெய்ண்டர். நம் மக்களவை, மேலவை போல அங்கும் இரண்டு அவைகள். இரண்டிலும் மசோதா நிறைவேறி அரசரும் ஒப்பினால், இன்னார் குற்றவாளி என்பதே சட்டமாகிவிடும். குறுக்கு விசாரணை, எதிர்வாதம் எதுவும் கிடையாது. உயிரோடு சொத்தும் பட்டமும் போகும். பிள்ளைக்கும் அவை வராது.

இந்த ஆயுதத்தைப் பழக்கியவர்களில் குரோம்வெல்லும் ஒருவர். 1539 மே மாதம் சாலிஸ்பரி கோமாட்டி மார்கரெட் போல் மீது இதே மசோதா வந்தது. அப்போது, அவர் பெட்டியில் கிடைத்தது என்று ஒரு பட்டுச் சட்டையைப் பிரபுக்கள் அவையில் குரோம்வெல் தூக்கிக் காட்டினார். கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் அதில் பூத்தையலாக இருந்தன. 1536இல் வடக்கே கிளர்ச்சி செய்தவர்களின் சின்னம் அது. பதின்மூன்றே மாதத்தில் அதே மாதிரி மசோதாவில் குரோம்வெல்லின் பெயர்.

1540 ஜூன் 10 அன்று ஆலோசனைக் கூட்டத்திலேயே கைது. குரோம்வெல் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தாராம். நோர்ஃபோக் கோமகன் அவர் கழுத்திலிருந்த செயின்ட் ஜார்ஜ் பதக்கத்தைப் பிடுங்கினார். 29ஆம் தேதி மசோதா நிறைவேறியது. ராஜத் துரோகத்துக்கு ஆதாரம்? அரசரே பழைய கத்தோலிக்க மதத்துக்குத் திரும்பினாலும் நான் வாளோடு எதிர்த்து நிற்பேன் என்று ஓராண்டுக்கு முன் பேசினாராம். அவ்வளவு பழைய பேச்சு கைதுக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்ததோ!

கேள்வி: அதற்குப் பிறகும் ஒரு மாதம் உயிரோடு விட்டது கருணையா?
- வாசகி, செந்தூல்

பதில்: வேலை பாக்கி இருந்தது, அம்மா. ஜனவரி 6இல் மணந்த ஆன் ஆஃப் கிளீவ்ஸ் என்ற அரசியை ஹென்றி விலக்க வேண்டும். தாம்பத்தியம் நடக்கவில்லை என்று அரசர் தம்மிடம் சொன்னதைக் குரோம்வெல் எழுதித் தர வேண்டும். சிறையிலிருந்து எழுதினார், கடைசியில் ‘இரக்கம்’ என்று மும்முறை கெஞ்சினார். ஜூலை 9இல் திருமணம் ரத்தானது. 28இல் லண்டன் டவர் ஹில்லில் குரோம்வெல் கழுத்தில் கோடாரி. அன்றே ஹென்றிக்குக் கல்யாணம். மணப்பெண் நோர்ஃபோக்கின் அண்ணன் தம்பி வழி மகள், கேத்தரின் ஹோவர்ட்.

கேள்வி: ஹென்றி பின்னால் வருந்தினாரா?
- வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: 1541இல் பிரெஞ்சுத் தூதர் மரியாக் எழுதியபடி, அற்பக் காரணம் சொல்லி என் விசுவாசமான ஊழியனைக் கொல்ல வைத்தீர்களே என்று அமைச்சர்களைத் திட்டினாராம். குரோம்வெல்லின் மகன் கிரெகரிக்கு 1540 டிசம்பரிலேயே புதிதாக ஒரு பிரபு பட்டம் கிடைத்திருந்தது.