மதியத்துக்கு மேல் ஏன் பீஸ் இறங்குவதில்லை?

கேள்வி: திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருக்கிறேன். டி-ஷர்ட் லைனில் காலையில் மணிக்கு 100 பீஸ் இறங்குகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 75தான். சூப்பர்வைசர் சத்தம் போட்டும் பலனில்லை. ஆளை மாற்றிவிடலாமா?

பதில்: அதற்கு முன் ஸ்டாப்வாட்சுடன் பகல் 3 மணிக்கு லைனில் போய் நில்லுங்கள். மணிக்கு 100 என்றால் ஒவ்வோர் ஆபரேஷனும், அதாவது லைனில் ஒருவர் செய்யும் ஒவ்வொரு தையல் வேலையும், 36 நொடிக்கு ஒரு பீஸ் தள்ள வேண்டும். 75 என்றால் எங்கோ அது 48 நொடியாகிவிட்டது. ஓரிடத்தில் ஆனாலே போதும், லைன் முழுக்க அந்த வேகத்தில்தான் போகும். கழுத்து ரிப் (கழுத்துப் பட்டி) வைக்கும் இடத்தை முதலில் பாருங்கள். முன்னால் பண்டல் குவிந்து, அடுத்த டெய்லர் சும்மா உட்கார்ந்திருந்தால் அதுதான் இடம். அங்கே ஒரு கைமடியை (உதவியாளரை) கூடுதலாகப் போடுவதை விட்டுவிட்டு எல்லோரையும் திட்டினால், அவசரத்தில் ஆல்டர் பீஸ்தான், அதாவது பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டிய பீஸ்தான் கூடும்.

சூட்டையும் பாருங்கள். அயர்னிங் டேபிள் அதே ஹாலில் இருந்தால் நீராவி தையல் பக்கம் வரும், வியர்வை காயாது. இடையில் தடுப்பு வைத்து, அயர்னிங் பக்கம் எக்ஸாஸ்ட் போடுங்கள். தகரக் கூரைக்கு வெயில் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில் நடந்த ஓர் ஆய்வில், டியூப்லைட்டுக்குப் பதில் எல்.இ.டி. போட்டபின் வெயில் நாட்களின் உற்பத்திச் சரிவு பெருமளவு குறைந்தது. காரணம், விளக்கு கக்கிய சூடு குறைந்தது. காற்று மாசு பற்றிய இன்னோர் ஆய்வும் அங்கே நடந்தது. மாசு கூடியபோது, தடுமாறுபவரைக் கவனித்து வேலையை மாற்றிக்கொடுத்த சூப்பர்வைசர்களின் லைன் குறைவாகவே அடிவாங்கியது. உங்கள் சூப்பர்வைசருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா? எல்லா ஆபரேஷனும் தெரிந்த ஒரு உபரி டெய்லர் இல்லாமல் அவரால் சத்தம் மட்டும்தான் போட முடியும்.

இன்னொன்று, பாத்ரூம் போக டோக்கன் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். போக முடியாதென்று பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். மூன்று மணித் தலைவலிக்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: குறைவாகத் தைத்தவர் பெயரை போர்டில் எழுதலாமா?

பதில்: வேண்டாம். ஆல்டர் பீஸ் மெஷினுக்கு அடியில் ஒளியும். மணிவாரியாக லைன் கணக்கை மட்டும் எழுதுங்கள். பக்கத்திலேயே காரணத்துக்கு ஒரு கட்டம்: நூல் அறுந்தது, கட்டிங் வரவில்லை, கரண்ட் போனது. ஒரு வாரம் எழுதிப் பார்த்தால், பாதிக் காரணம் தையல் லைனுக்கு வெளியே இருக்கும்.