அந்தப் போட்டோவில் இருப்பது நான்தான், ஆனால் நினைவு யாருடையது?

பழைய குடும்பப் படங்களைப் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: எனக்கு இரண்டு வயதில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. ஒரு காலில் மட்டும் செருப்பு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த நாள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். இரண்டு வயதில் நடந்தது நினைவிருக்காதா?

பதில்: வீட்டுக்காரர்கள் பக்கம்தான் நானும் சாய வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் என்று ஒன்று தொடங்குவதே மூன்று, மூன்றரை வயதை ஒட்டித்தான். அதற்கு முன் நடந்தது பெரியவர்களான பிறகு பெரும்பாலும் கைக்குக் கிடைப்பதில்லை, இதற்குக் குழந்தைப் பருவ மறதி என்றே பெயர். ஒன்று செய்து பாருங்கள். கண்ணை மூடி அந்த நாளை நினைத்தால் எதிரே கேமராவோடு நிற்கும் ஆள் தெரிகிறாரா, அல்லது ஒற்றைச் செருப்போடு நிற்கும் நீங்களே தெரிகிறீர்களா? உங்களையே பார்க்கிறீர்கள் என்றால் அது போட்டோ கொடுத்த ஞாபகமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். (நிஜமான பழைய நினைவுகளும் சில சமயம் வெளியே நின்று பார்ப்பதுபோல வரும், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.)

2002-ல் கிம்பர்லி வேட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு வேலை செய்தார்கள். 20 பேருடைய சின்ன வயசுப் படங்களை வாங்கி, அவர்கள் வாழ்நாளில் ஏறியே இராத வெப்பக்காற்று பலூனில் ஏறியதுபோல ஒட்டுப்போட்டு, அவர்களிடமே காட்டி, இதைப் பற்றிச் சொல்லுங்கள் என்று சில தடவை உட்காரவைத்துக் கேட்டார்கள். கடைசியில் பாதிப் பேருக்கு, கொஞ்சமோ முழுசாகவோ, அந்தப் பலூன் பயணம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது! பொய்யான படத்துக்கே இந்தக் கதி என்றால், நிஜமான படத்தை வருஷக்கணக்கில் புரட்டிப் பார்த்த உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செருப்பு காலைக் கடித்தது, பக்கத்து அறையில் யாரோ அதட்டியது என்று படத்தில் தெரியாத ஏதாவது உங்களுக்கு ஞாபகம் இருந்தால், அதை அன்று அங்கே இருந்த பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களும் அதையே சொன்னால் நானும் சிரிப்பவர்கள் பக்கத்திலிருந்து எழுந்து உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.

கேள்வி: 1970-களில் எடுத்த கலர் படத்தில் அப்பாவின் சட்டை பழுப்பாகத் தெரிகிறது. தம்பி அது பழுப்புதான் என்கிறான். பச்சை என்று நான் அடித்துச் சொல்கிறேன். யார் சரி?

பதில்: அக்காவுக்கு ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறது. அந்தக் காலக் கலர் பிரிண்டில் சயான் (பச்சை கலந்த நீலம்), மஜெந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் என்று மூன்று சாயங்கள் அடுக்கடுக்காக இருக்கும். அப்போதைய பல தாள்களில், ஆல்பத்துக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் முதலில் மங்குவது சயான்தான். பச்சை என்பது சயானும் மஞ்சளும் சேர்ந்தது இல்லையா, அதில் சயான் கழன்றுகொண்டால் சட்டை மஞ்சளாகவோ பழுப்பாகவோதான் நிற்கும். சட்டையை விட்டுவிட்டு அதே படத்தில் இருக்கும் இலை, புல் எல்லாம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அவையும் காய்ந்துபோன நிறத்தில் இருந்து, எல்லோருடைய தலைமுடியும் செம்பட்டையாகத் தெரிந்தால் தம்பி வாயை மூடிக்கொள்ளலாம். தாத்தா பாட்டி காலத்துக் கருப்பு வெள்ளைப் படம் இதைவிடத் தெளிவாக இருப்பதற்கும் இதுதான் காரணம். அதில் இருப்பது சாயம் இல்லை, வெள்ளித் துகள். ஒழுங்காகக் கழுவிய பிரிண்ட் என்றால் லேசில் போகாது.

கேள்வி: கொள்ளுத்தாத்தா வீட்டுப் படங்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லையே, அவ்வளவு கடுகடுப்பான குடும்பமா?

பதில்: 1839-ல் டாகர் என்ற பிரெஞ்சுக்காரரின் போட்டோ எடுக்கும் முறை வெளியான புதிதில் ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது, தலை ஆடாமல் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் அந்தச் சிரமம் இல்லை. ஆனால் வாழ்நாளில் ஒன்றோ இரண்டோ படம்தான் எடுக்கப்போகிறோம் என்கிறபோது மரியாதையாக உட்கார வேண்டும் என்றுதான் தோன்றியிருக்கும்.

கேள்வி: ஒட்டும் பசை உள்ள பழைய ஆல்பத்திலிருந்து படங்களைப் பிய்க்கலாமா?

பதில்: பிய்க்கவே கூடாது. முதலில் பக்கம் பக்கமாக, இருக்கிற வரிசை மாறாமல், ஓரத்தில் எழுதியிருப்பதோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, அறுப்பதுபோல மெதுவாக இழுத்தால் பாதிப் படங்களாவது கையோடு வந்துவிடும். வராததை விட்டுவிடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதையும் அப்படியே கண்ணாடியோடு ஸ்கேன் செய்வதுதான் நல்லது. பின்பக்கம் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும், பால்பாயிண்ட் பேனா முன்பக்கம்வரை தடம் விழவைக்கும்.

கேள்வி: குடும்ப ஆல்பம் முழுக்கத் தேடியும் அப்பா இருக்கும் படம் இரண்டோ மூன்றோதான். அவர் எங்களோடு இருந்ததே இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

பதில்: கேமரா யார் கையில் இருந்தது என்று கேட்டீர்களா? பெரும்பாலும் அவர் கையில்தான் இருந்திருக்கும். வெளியில் எடுத்த படங்களை எடுத்துக்கொண்டு கீழ் ஓரத்தைப் பாருங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று எடுக்க வேண்டும் என்பது அப்போது எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த பாடம், அதனால் காலையிலோ மாலையிலோ எடுத்த படமென்றால் எடுப்பவரின் நிழல் தரையில் நீண்டு சட்டகத்துக்குள் வந்துவிடும். இரண்டு முழங்கையும் மடங்கி, முகத்துக்கு நேராகவோ வயிற்றுக்கு நேராகவோ எதையோ பிடித்திருக்கும் நிழல். அப்புறம் நீங்கள் எல்லோரும் எந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். 35 மில்லிமீட்டர் ரோலில் 36 படம், சதுரப் படம் எடுக்கும் 120 ரோலில் வெறும் 12. அதில் ஒன்றைத் தனக்காகச் செலவு செய்ய நிறைய அப்பாக்களுக்கு மனசு வந்ததில்லை. அவர் நிஜமாகவே ஒதுங்கியிருந்தவராகவும் இருக்கலாம்தான். அதை ஆல்பத்தை எண்ணிப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள், அம்மாவிடம் கேளுங்கள்.

கேள்வி: ஒரு குடும்பக் குழுப் படத்தில் ஓரத்து ஆளைக் கத்தரித்திருக்கிறார்கள். அத்தையின் தோளில் அவர் கை மட்டும் மிச்சம். யாரென்று கேட்டால் எல்லோரும் பேச்சை மாற்றுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கத்தரிக்கோல் போட்டவர்களுக்கு நெகட்டிவ் ஞாபகம் வருவது அபூர்வம், அதனால் பெட்டியின் அடியில் கிடக்கும் உறைகளைத் தேடுங்கள். குழுப் படத்துக்குப் பல பிரதி போட்டிருப்பார்கள், வேறு சொந்தக்காரர் வீட்டில் முழுசாக ஒன்று இருக்கலாம். அதே நாள் எடுத்த மற்ற படங்களில் அதே சட்டைக் கை, அதே கைக்கடிகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் அத்தை இருக்கிறார் என்றால், இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் தனியாக அவரிடம் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் அந்தப் படத்தைப் போட்டு "இது யார் கை?" என்று கேட்டுவிடாதீர்கள்.