ஒரே சென்சார், இரண்டு பாடி: கேள்வி பதில்

நிக்கான் இசட்9 கேமரா கடையில் இருக்கும்போதே அதே சென்சாரோடு (படத்தைப் பதியும் சிப்) இசட்8-ஐயும் விற்பது சரியா என்பதுதான் இந்த முறை எடுத்துக்கொண்ட பொருள். இருபது வருடம் கல்யாண வேலை பார்த்திருக்கிறேன், இப்போது கேமரா பழுதும் பார்க்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். வீடியோ எடிட்டிங் பற்றி வந்த கேள்விகளை எடுக்கவில்லை. அது என் துறை இல்லை.

சேலம், திருமண போட்டோகிராபர்: இரண்டிலும் ஒரே படம்தான் வருகிறது. அப்புறம் எதற்கு இரண்டு மாடல்?

படம் ஒன்றுதான். இரண்டிலும் 45.7 மெகாபிக்சல் சென்சார், எக்ஸ்பீட் 7 பிராசசர். இரண்டிலும் மெக்கானிக்கல் ஷட்டர் கிடையாது. ரா ஃபைலாக (கேமரா மெருகேற்றாத மூலப் படம்) நொடிக்கு 20 படம் இரண்டுமே எடுக்கும். இசட்9 2021 அக்டோபரில் சுமார் 5,500 டாலருக்கு அறிவிக்கப்பட்டது. இசட்8 2023 மே மாதம் சுமார் 4,000 டாலருக்கு வந்தது.

வித்தியாசம் முழுக்க உடம்பில்தான், அதாவது லென்ஸ் மாட்டும் பாடியில்தான் இருக்கிறது. பேட்டரியும் கார்டும் போட்டால் இசட்9 1,340 கிராம், இசட்8 910 கிராம். பேட்டரி அங்கே 3,300 எம்ஏஎச், இங்கே 2,280. இசட்9-ல் லேன் கேபிள் செருகலாம், ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கிறது, செங்குத்தாகப் பிடிக்கத் தனி கிரிப்பும் ஷட்டர் பட்டனும் பாடியோடு வருகின்றன.

இது வெறும் பட்டியல் மாதிரி தெரியும். முகூர்த்த நேரத்தில் மணவறை முன்னால் நின்று பார்த்தவருக்குத்தான் அருமை புரியும். தாலி கட்டும்போது கேமராவைச் செங்குத்தாகத் திருப்புகிறோம். கிரிப் இல்லாத பாடியில் வலது முழங்கை தலைக்கு மேலே போய்விடும். பின்னால் நிற்கும் மாமா அட்சதை போட எட்டும்போது அந்த முழங்கையில்தான் இடிப்பார். கிரிப் உள்ள பாடியில் முழங்கை விலாவோடு ஒட்டி நிற்கும், படம் ஆடாது. அதே ஆள் மாலை ரிசப்ஷனில் இரண்டு பாடியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஐந்து மணி நேரம் நடக்கிறார். அப்போது ஒவ்வொன்றிலும் நானூறு கிராம் குறைந்தால் கழுத்து கும்பிடும். ஒரே மனிதனுக்கு ஒரே நாளில் இரண்டு தேவை. அதனால் இரண்டு மாடலும் இருக்க வேண்டும் என்பது என் முடிவு.

கல்லூரி மாணவர்: முதல் கேமராவாக இசட்8 வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்தப் பணத்தில் ஒரு சின்ன பாடியும் இரண்டு நல்ல லென்ஸும் வரும்.

கோவை, விளையாட்டுப் படம் எடுப்பவர்: 2022-ல் இசட்9 வாங்கினேன். அடுத்த வருடமே அதே சென்சாரை 1,500 டாலர் குறைத்து விற்கிறார்கள். முதலில் வாங்கியவனை ஏமாற்றுவது இல்லையா இது?

கோபம் நியாயம்தான். ஆனால் ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். நிக்கான் இதை முன்பே ஒரு முறை செய்திருக்கிறது. 2007 ஆகஸ்டில் டி3-ஐ அறிவித்தார்கள். 12.1 மெகாபிக்சல், நிக்கானின் முதல் ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. பிலிம் அளவு சென்சார்) டிஜிட்டல், சுமார் 5,000 டாலர். 2008 ஜூலையில் அதே சென்சாரோடு டி700-ஐ 3,000 டாலருக்கு அறிவித்தார்கள். டி3-ல் இரண்டு கார்டு, டி700-ல் ஒன்று. டி3 வியூஃபைண்டரில் படம் முழுதும் தெரியும், டி700-ல் 95 சதவீதம். ஷட்டர் ஆயுள் டி3-க்கு 3 லட்சம் படம், டி700-க்கு 1.5 லட்சம். டி700 நொடிக்கு 5 படம்தான் எடுக்கும். ஆனால் எம்பி-டி10 கிரிப்பை மாட்டி, டி3-ன் பேட்டரியையே அதில் போட்டால் 8 படம். டி3-க்கு 9.

அதாவது, தம்பி வேண்டுமென்றால் அண்ணனைத் தொட்டுவிடலாம் என்று கம்பெனியே வழி விட்டது. அதனால் டி3 வரிசை படுத்துவிட்டதா? 2008 டிசம்பரில் டி3எக்ஸ், 2009 அக்டோபரில் டி3எஸ் என்று டி700 கடையில் இருக்கும்போதே இரண்டு பெரிய பாடிகள் வந்தன.

அதே கோவை நண்பர்: கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். போட்டி மாடல் இல்லை என்றால் என் இசட்9-க்கு செகண்ட் ஹேண்ட் விலையாவது நின்றிருக்கும்.

வக்காலத்து இல்லை சார். சின்ன பாடி பெரிய பாடியின் விற்பனையைக் கெடுக்கும் என்று கம்பெனி பயந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். 2012-ல் டி4 வந்தது. அதன் 16 மெகாபிக்சல் சென்சாரை, அதே வேகத்தோடு, சின்ன பாடியில் எதிர்பார்த்தோம். வந்ததோ 36 மெகாபிக்சல் டி800. அருமையான கேமராதான், ஆனால் நொடிக்கு 4 படம். டி4-ன் சென்சார் 2013-ல் டிஎஃப் பாடிக்குக் கிடைத்தது. அதில் 5.5 படம், ஒரே கார்டு. டி700 வைத்திருந்தவருக்கு நேர் வாரிசு எங்கே? பெரிய பாடியின் இதயத்தை வேகம் குறையாமல் சின்ன பாடியில் வைக்க 2008-லிருந்து 2023 வரை, பதினைந்து வருடம், காத்திருக்க வேண்டியதாயிற்று. உங்கள் விலை நிற்பதற்காக இத்தனை பேரைக் காக்க வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

திருநெல்வேலி, கேனான் பயன்படுத்துபவர்: கேனான் தன் 1டி, 1டிஎஸ் இரண்டு வரிசையையும் ஒன்றாக்கியதே. அது தப்பா?

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். இல்லை, தப்பில்லை. 1டி மார்க் 4 நொடிக்கு 10 படம் எடுக்கும், ஆனால் சென்சார் ஃபுல் ஃபிரேமைவிடச் சின்னது. 1டிஎஸ் மார்க் 3 ஃபுல் ஃபிரேம், 21 மெகாபிக்சல், ஆனால் 5 படம்தான். அந்தக் காலத்துத் தொழில்நுட்பத்தில் வேகமும் பெரிய சென்சாரும் ஒன்றாகக் கிடைக்காததால் வந்த பிரிவினை அது. தடை நீங்கியதும் 2011 அக்டோபரில் 1டி எக்ஸை அறிவித்தார்கள். ஃபுல் ஃபிரேம், 18 மெகாபிக்சல், 12 படம். இரண்டு பாடி வைத்திருந்த காரணமே போய்விட்டதால் சேர்த்தது சரி. இசட்8, இசட்9 விஷயத்தில் அப்படி இல்லை. மனிதனின் கையும் கழுத்தும் அடுத்த சிப் வந்தால் மாறிவிடாது.

அதே கோவை நண்பர்: பழையதையும் புதியதையும் சேர்த்து விற்றால் வாங்குபவன் குழம்புவான்.

முழுநேரத் தொழில்காரர் குழம்ப மாட்டார். பிலிம் காலத்தைப் பாருங்கள். நிக்கான் எஃப்3 1980-ல் வந்தது. 1988-ல் ஆட்டோ ஃபோகஸோடு எஃப்4, 1996-ல் எஃப்5. எஃப்3 இரண்டோடும் சேர்ந்தே விற்றது. எஃப்4 நின்ற பிறகும் எஃப்3 இருந்தது, 2001 வரை. காரணம் எளிது. எஃப்4-க்குள் மோட்டார், நான்கு பென்சில் பேட்டரி, ஒரு கிலோவுக்கு மேல் எடை. எஃப்3-க்கு இரண்டு பொத்தான் பேட்டரி போதும். அதுவும் தீர்ந்தால் லென்ஸ் பக்கத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ளி 1/60 நொடி ஷட்டரில் படம் எடுக்கலாம். என் பெஞ்சுக்கு வரும் எஃப்3-களில் அந்த நெம்புகோலை மட்டும் ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்ப்பேன். இருபது வருடம் கழித்தும் படக்கென்று விழும். பேட்டரி கிடைக்காத இடத்துக்குப் போகிறவருக்கு எஃப்5-ஐ நீட்டினால் அவர் என்ன செய்வார்?

பெயர் சொல்லாதவர்: இசட்8-க்கு எம்பி-என்12 கிரிப் போட்டால் இசட்9 ஆகிவிடுமா?

முழங்கைக்கு ஆகிவிடும். எடையும் இசட்9-க்குப் பக்கத்தில் வந்துவிடும். லேனும் ஜிபிஎஸ்ஸும் வராது, வேகமும் கூடாது. தினமும் கிரிப்போடுதான் எடுப்பீர்கள் என்றால் இசட்9 வாங்குங்கள்.

ஈரோடு: இசட்8-ல் ஒரு ஸ்லாட் சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற வேகமான மெமரி கார்டுக்கு, இன்னொன்று எஸ்டி கார்டுக்கு. எஸ்டி வேகம் குறைவு என்பதால் காலியாக விடலாமா?

விடாதீர்கள். இசட்9-ல் இரண்டுமே சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்பதும் அதன் விலைக்கு ஒரு நியாயம். பல வருடம் முன்பு ஒற்றை ஸ்லாட் பாடியில் ஒரு கல்யாணம் எடுத்தேன். மாலை மாற்றியதிலிருந்து அருந்ததி பார்த்தது வரை கார்டில் ஒரு படம் மிஞ்சவில்லை. வீடியோவிலிருந்து ஃபிரேம் எடுத்து ஆல்பம் போட்டோம். தாலி கட்டும் பக்கம் மங்கலாக இருந்தது. பெண்ணின் அப்பா ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எஸ்டியில் ஜேபெக் மட்டுமாவது விழட்டும். இரண்டு கார்டு, எப்போதும்.

கரூர்: இசட்8-ஆ இசட்9-ஆ, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

மேலே சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தஞ்சாவூர்: எது பெஸ்ட்?

இதே கேள்வி இன்று எட்டாவது முறை வருகிறது. என்ன வேலை, எத்தனை மணி நேரம், யார் தூக்குவது என்று எழுதாமல் கேட்டால் பதில் இல்லை. எதை வாங்கினாலும் இரண்டு கார்டு.

கோவை நண்பர், கடைசியாக: சரி, என் இசட்9-ஐ விற்றுவிட்டு இசட்8 வாங்கலாமா?

அவசரப்படாதீர்கள் சார். கடையில் இசட்8-ஐ ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். உங்கள் பெரிய லென்ஸை மாட்டி ஒரு கபடி மேட்ச் முழுதும் செங்குத்தாகவே எடுங்கள். முடிந்ததும் எத்தனை பேட்டரி மாற்றினீர்கள், வலது தோள் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.